இருபத்தைந்தாம் பக்கம்

1

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தபோது, மைத்துனர் வீட்டில் ஒரு காரியம் செய்துவிட்டேன். கூடத்து மேசையில் புத்தம் புதிதாக ஒரு நாவல் கிடந்தது. இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். முடித்த கையோடு இருபத்தைந்தாம் பக்கத்தைத் திருப்பி, மேல் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சதுரம் போட்டுவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் மைத்துனர் ஒரு கையில் ரப்பரோடு, அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, சின்னப்புள்ள கணக்கா கிறுக்கி வச்சிருக்கீக. நானே இன்னும் படிக்கல."

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான்."

"புடிச்சிருந்தா வாயால சொல்ல வேண்டியதுதான? பொஸ்தகத்துல எதுக்குக் கட்டம் போடணும்?"

 கை தானாகப் போட்டுவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஐதராபாத்தில் இருக்கிறேன். அந்த ஊர் எனக்குத் தந்த பழக்கங்களில் இது ஒன்று. இன்னொன்று, நல்ல டீயைப் பார்த்தால் உப்பு பிஸ்கட் தேடுவது. பிஸ்கட்டை ஒரு வரியில் விளக்கிவிடலாம். சதுரத்துக்கு ஒரு கதையே சொல்ல வேண்டும். மைத்துனருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2

முதலில் நாங்கள் அங்கே எப்படி இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்விக்குத் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எனக்கு ஊரின் மறுகோடியில், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே செய்தால் சாப்பாடுகூடக் கிடைப்பதில்லை.

பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய வெளிநாடு அது. எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போன அன்றே தெரிந்துவிட்டது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டேன். கவுண்டரில் இருந்தவர், காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது, ஏதாவது எழுதுங்கள் என்றார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பதற்றத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சிலிண்டர் கொண்டு வருபவர் வாசலில் நின்று "கோவில்பட்டி காரு" என்றுதான் கூப்பிடுகிறார். என்னைக் கேட்டால் அது ஒன்றும் மோசமில்லை. எங்கள் ஊரில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

மகள் கயல்தான் அப்போது எங்கள் கவலை. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில். திட்டினால் இந்தியில் சமாதானம். ஏதாவது வாங்கித் தர வேண்டுமென்றால் ஆங்கிலம். செல்வி விடுமுறைதோறும் பிடித்து உட்காரவைத்து எழுத்து சொல்லிக் கொடுத்ததில், எழுத்துக் கூட்டிப் பிழையில்லாமல் வாசிப்பாள். ஆனால் புத்தகத் தமிழ் அவளுக்கு அர்த்தமாகாது. ஒரு பக்கத்தை ஒப்பித்துவிட்டு, "இப்போ நான் என்ன சதிவேனு, மம்மி?" என்று எங்களையே கேட்பாள். என்ன படித்தேன் என்று கேட்கிறாளாம்.

3

திருமுல்கேரியில் ஒரு பழைய காலனி. அங்கே சமூகக் கூடத்தின் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் தமிழ் நூலகம். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் விட்டுப்போனதும், வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்ததுமாக ஐந்து அலமாரி நிறையப் புத்தகங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் பக்கத்துக் கூடத்தில் பாட்டு. யாருக்கு எது வருகிறதோ அதைப் பாடலாம். சுருதி பிசகினால் கைதட்டு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்த இரண்டுக்கும் பொறுப்பு ராஜண்ணா. ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மூன்று தலைமுறைக்கு முன்னால் வட ஆற்காட்டிலிருந்து ரயில் வேலைக்கு வந்த குடும்பம். புத்தகம் கொடுக்கும் வேலை முடிந்ததும் கூடத்துக்குப் போய்ப் புல்புல்தாராவை மடியில் வைத்துக்கொள்வார். தட்டச்சு இயந்திரத்துக்கும் வீணைக்கும் கல்யாணம் ஆனதுபோல, பித்தான்களும் தந்திகளும் சேர்ந்த வாத்தியம் அது. ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசித்துவிடுவார்.

நான் சேர்ந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க குறி என்ன தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். "பணிமனையில ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு சாக்பீஸ் குறி இருக்கு. பெட்டியப் பாத்தாலே யாரு வேலை செஞ்சாங்கன்னு தெரிஞ்சிரும். இங்கயும் அப்படித்தான். படிச்சு முடிச்சா இருபத்தஞ்சாம் பக்கத்துல உங்க குறி. பிடிச்சா மேல. பிடிக்கலன்னா கீழ. முடிக்க முடியலன்னா நடுவுல."

"எதுக்குண்ணே?"

"படிச்ச புக்கயே மறந்துபோய் மறுபடி எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குத்தான்."

எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் நினைவாக நான் சதுரம் வைத்துக்கொண்டேன். செல்வி ஒரு சோதனைக்குழாய். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஃபாத்திமா டீச்சருக்குப் பிறை. ராமச்சந்திராபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பொறியாளர் வேங்கடேசனுக்கு முக்கோணம்.

ராஜண்ணா புத்தகம் தேர்ந்து கொடுப்பதைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அலமாரியில் ஒன்றை உருவி, ஏதோ ஒரு பக்கத்தை விரித்து, ஒரு நிமிடம் ரசித்துப் படிப்பார். பிறகு தலையை ஆட்டுவார். "இது நக்கோ தம்பி. உங்களுக்குப் பாதியில தூக்கம் வந்துரும். இத எடுங்க." சொன்னால் சொன்னதுதான். மூன்று வருடத்தில் அவர் கொடுத்த ஒரு புத்தகம்கூட எனக்குச் சோடை போனதில்லை. இந்த மனிதர் ஐந்து அலமாரியையும் கரைத்துக் குடித்திருக்கிறார் என்று செல்வியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

கயலுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் புத்தகம் தேடும் நேரமெல்லாம் அவள் ராஜண்ணாவின் மேசையடியில்தான் உட்கார்ந்திருப்பாள். இருவரும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள்.

4

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பட்டியல் போடத் தோன்றும். அழுக்கைப் பார்த்தால் துடைக்கத் தோன்றும்.

ராஜண்ணா ஒரு கல்யாணத்துக்காகக் காஜிப்பேட்டை போய் இரண்டு வாரம் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் நூலகத்தை ஜொலிக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அலுவலகத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தேன். தூசி தட்டினோம். கிழிந்ததை ஒட்டினோம். எல்லாவற்றையும் எழுத்தாளர் பெயர் வரிசையில் மாற்றி அடுக்கி, முதுகில் எண் ஒட்டி, கம்ப்யூட்டரில் பட்டியல் ஏற்றினோம். யார் எதை வாசித்தார்கள் என்பதற்கு அதில் தனியாக இடம் வைத்திருந்தேன். இனிமேல் பென்சில் கிறுக்கல் எதற்கு? ஒரு பெட்டி ரப்பர் வாங்கிவந்து பக்கம் பக்கமாக அழித்தோம்.

கயல் மட்டும் ரப்பரைத் தொடவில்லை.

"டாடி, அது அழிக்கொத்து. ராஜண்ணா அங்கிளுக்கு அது காவாலி."

"அங்கிளுக்கு எதுக்குடா வேணும்? அவருக்கு எல்லாம் மனப்பாடம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அலுவலகத்தில் சின்னப் பிழையைக்கூடத் தப்ப விடாதவன் என்று எனக்குப் பெயர்.

அடுத்த ஞாயிறு ராஜண்ணா வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். புதிதாக வந்த ஒரு பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு ஏதாவது நல்ல புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை உருவி விரித்தார். மூடினார். இன்னொன்றை விரித்தார். மூன்றாவதையும் விரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"ரொம்ப க்ளீன் பண்ணிட்டீங்க தம்பி. நல்லா இருக்கு."

நான் பெருமையாக அச்சடித்த பட்டியலை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலாக மடித்துக்கொண்டார். அன்று புல்புல்தாரா உறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஃபாத்திமா டீச்சரின் கையில் நூலகச் சாவி வந்தது. ராஜண்ணாவுக்கு டியூட்டி மாறிவிட்டதாம், இனி ஞாயிற்றுக்கிழமை வர முடியாதாம்.

5

மடிக்கணினியோடு நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று வருவார்கள். எழுத்தாளர் பெயர் சொல்லுங்கள், வருடம் சொல்லுங்கள் என்று நான் கேட்பேன். அவர்கள் பழைய வார இதழை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாவது வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். பாட்டும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் வலித்தது. என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை என்பதுதான் அதைவிட வலித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கயல் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். செல்வி அணைத்துக் கேட்டாள். பதில் துண்டு துண்டாக வந்தது.

"ப்ராமிஸ் பண்ணேன் மம்மி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு. அங்கிளுக்கு தமிழ் சதவடம் ராது. பேச மட்டும்தான் வரும். என்ன மாதிரி ரிவர்ஸ்."

ராஜண்ணாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ரயில்வே பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்தவர். பேச்சு மட்டும் வீட்டிலிருந்து வந்தது. புத்தகத்தை விரித்து அவர் ரசித்துப் படித்தது கதையை அல்ல, எங்கள் குறிகளை. டீச்சரின் பிறை மேலே இருக்கிறதா, வேங்கடேசனின் முக்கோணம் கீழே இருக்கிறதா என்று பார்த்து, வந்து நிற்கும் ஆள் யாரைப் போன்றவர் என்று கணித்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அறையில் அவரால் வாசிக்க முடிந்தது அந்த ஒரு பக்கம்தான். அதைத்தான் நான் ரப்பர் வாங்கிவந்து அழித்திருந்தேன்.

செல்வி என்னைப் பார்த்தாள்.  திட்டியிருந்தால் தேவலை.

6

அவரை எப்படியாவது திரும்ப வரவைக்க வேண்டும். ஆனால் அவர் ரகசியம் வெளியே தெரியக் கூடாது. நான் ஒரு பொய் தயாரித்தேன். கம்ப்யூட்டர் பட்டியல் அழிந்துவிட்டது, அதனால் ஞாயிறன்று எல்லோரும் வந்து, தாங்கள் வாசித்த புத்தகங்களில் பழையபடி குறி போட்டுத் தர வேண்டும் என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். என் பட்டியலில் கோளாறு என்று நானே நாற்பது பேரிடம் சொல்வது எனக்கு எவ்வளவு கசப்பு என்று என் தொழில்காரர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் வந்தார்கள். ஊரைவிட்டுப் போகவிருந்த ஒரு குடும்பம் சாமான் கட்டுவதை நிறுத்திவிட்டு வந்தது. அப்படி ஒரு ஞாயிறை நான் பார்த்ததில்லை. தரையெல்லாம் புத்தகம், ஆளுக்கொரு பென்சில். "இத நான் படிச்சேனா?" என்று ஒருவர் கதையை முதலிலிருந்து வாசிக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "இத நீங்க கீழதான் போட்டீங்க." "இல்லடி, மேலதான் போட்டேன்." "கொட்டாவி விட்டுட்டே படிச்சீங்க, நான் பாத்தேன்." இருவரும் கடைசியில் நடுவில் போட்டுக்கொண்டார்கள். யாரோ பாட ஆரம்பிக்க, குறி போடும் வேலை தாளத்தோடு நடந்தது.

வேங்கடேசன் பக்கம் கிழிந்துவிடும்போல அழுத்தி முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார்.

"மெல்லப் போடுங்க சார்."

"அழுத்திப் போட்டாத்தான் ராஜண்ணாவுக்குத் தெரியும். அந்த மூலையில வெளிச்சம் கம்மி."

 "உங்களுக்குத் தெரியுமா?"

"நாலு வருஷமாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பக்கத்தில் இருந்த ஃபாத்திமா டீச்சர் நிமிர்ந்தார். "உங்களுக்கும் தெரியுமா? நான் எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்."

 ஒவ்வொருவராகப் பென்சிலைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தெரியும் என்று வருடக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், அந்த அறை முழுக்க இருந்தது. தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"பொய் சொல்லிக் கூப்பிட்டீங்களே, கோவில்பட்டி" என்றார் டீச்சர். "ராஜண்ணாவுக்காகன்னு சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்போம்."

அன்று சாயங்காலம் கயலைக் கூட்டிக்கொண்டு அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லாக் குறியும் திரும்ப வந்துவிட்டது என்றேன். அவர் கயலைப் பார்த்தார். கயல் தரையைப் பார்த்தாள்.

"பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. நான்தான் அழவச்சு வாங்கினேன்."

"அப்போ விஷயம் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் எதுக்கு வரணும் தம்பி? படிக்கத் தெரியாதவன் லைப்ரரி நடத்துறான்னு சிரிக்கவா?"

"அண்ணே, எல்லாருக்கும் எப்பவோ தெரியும். வேங்கடேசன் சாருக்கு நாலு வருஷமாத் தெரியும். டீச்சருக்கு அதுக்கும் முன்னால."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.  கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாருக்குமா?"

"ஆமாண்ணே. எனக்குத்தான் தெரியாது."

அவர் தோள் குலுங்கியது. முதலில் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "அய்யோ தம்பி, அந்தக் கண்ணாடிக்குப் பவரே கெடையாது. சும்மா ஆக்டிங்குக்கு வாங்கினேன். வாராவாரம் தொடச்சு வேற எடுத்துட்டு வருவேன்."

"அடுத்த வாரம் வருவீங்களாண்ணே?"

"ஹவ், வருவேன். ஆனா அந்த நம்பர எல்லாம் கிழிச்சுப் போட்டு, புக்க பழைய எடத்துல வையுங்க. எனக்கு நீல அட்டை, பச்சை அட்டை எங்க இருக்குன்னே தெரியல." கயல் தோட்டத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவந்தாள். எனக்கும் ஓடலாம்போல இருந்தது. குழாயை மூடிவிட்டு வந்தேன்.

7

அடுத்த ஞாயிறு புல்புல்தாரா ஒன்றரை மணி வரை ஓயவில்லை. கண்ணாடியை அவர் கொண்டுவரவில்லை. உறுப்பினர்கள்தான் ஏமாந்துபோய், "கண்ணாடி போட்டாத்தான்ணே புக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். அதற்கடுத்த வாரத்திலிருந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

மேசையடியில் ஒரு புதுப் பழக்கமும் தொடங்கியது. கயலுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. ராஜண்ணாவுக்கு அர்த்தம் தெரியும், எழுத்து தெரியாது. அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்படின்னா என்னன்னா..." என்று விளக்குவார். ஒரு வாரத்துக்கு நான்கு பக்கம், ஐந்து பக்கம். ஒரு படகுக்காரனைப் பற்றிய நாவல். அவனுக்கு ஒரு வெள்ளம் வருவதற்குள் இவர்களுக்கு ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போய்விட்டன.

இதைச் சொல்லும்போது மைத்துனர் கையில் இருந்த ரப்பரைக் கீழே வைத்துவிட்டார். "புள்ள முழுசா வாசிச்சிட்டாளா?" என்று கேட்டார்.

வாசித்தாள். கோடை விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு, கடைசிப் பக்கம். முடிந்ததும் இருவரும் பென்சிலை வாங்கி மாற்றி மாற்றி ஏதோ போட்டார்கள். அவர்கள் பாட்டுக்குப் போன பிறகு நான் மெதுவாக எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்தாம் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு ரயில் சக்கரம். பத்து வருடமாக எல்லோருக்கும் குறி கொடுத்தவர் முதன்முறையாகப் போட்ட குறி. அதே பக்கத்தின் அடியில், தாள் பள்ளமாகும்படி அழுத்தி, ஒரு மீன்.

"கீழ போட்டிருக்கியே, பிடிக்கலயா?" என்று கயலைக் கேட்டேன்.

"போர் டாடி. அந்தப் படகுக்காரன் ஒரு முடிவும் எடுக்கவே மாட்டான். 'நெஞ்சம் பதைத்தது, நெஞ்சம் பதைத்தது'ன்னு நாலு தடவை வருது. ஒரு தடவை பதைச்சா போதாதா? அங்கிளுக்குப் பிடிச்சிருக்காம். நான் ஒத்துக்க மாட்டேன்."

முழுக்கத் தமிழில் சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். என்ன விசேஷம் என்று செல்வி கேட்டாள்.

"பாப்பாவுக்கு ஒரு தமிழ் நாவல் பிடிக்கலையாம்" என்றேன்.